முள் இருந்த பக்கம்

கொஸ்தனாயைத் தாண்டி எண்பது கிலோமீட்டர்.
செப்டம்பர்க் கோதுமை ஏற்றிய லாரிகள்
தானியக் கிடங்கின் வாசலில், நாற்பத்தொன்று.
எண்ணினேன். எனக்கு வேறு வேலையில்லை.
என் கையால் பூட்டிய புது எடைமேடையில்
ஏற ஒருவரும் வரவில்லை.

பழைய மேடைக்குத்தான் வரிசை.
அதன் முள், ஓட்டி வந்தவர் முகத்துக்கு நேரே,
தூசி படிந்த கண்ணாடிக்குள்
தள்ளாடும், தயங்கும், பிறகு ஒரு முடிவுக்கு வரும்.
அந்தத் தயக்கத்தைப் பார்க்கத்தான்
இறங்கி நிற்கிறார்கள்.
என்னுடையது தயங்குவதில்லை.
பச்சை எண்கள். அரை நொடி. முடிந்தது.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்:
இங்குள்ளவர்கள் மாற்றத்துக்குப் பழகாதவர்கள்.
அனுப்பிவிட்டு நிமிர்ந்தால்
லாரிக் கூரைமேல் உட்கார்ந்து ஓராஸ்பை
செயற்கைக்கோள் படத்தில் தன் வயலின் ஈரத்தை
இரண்டு விரலால் விரித்துப் பார்க்கிறார்.
சட்டைப்பையில் இன்னொரு போன்
பாடிக்கொண்டிருக்கிறது.

ஸினயீதா பதினேழு அறுவடையாக எடை போடுகிறாள்.
'பழையது முப்பது கிலோ குறைத்துச் சொல்லும்.
மழையென்றால் ஐம்பது.'
இவர்களுக்குத் தெரியுமா?
'இவர்கள் நாய்களுக்கும் தெரியும்.'
பிறகு ஏன்?
'அது எவ்வளவு திருடும் என்று கணக்கிருக்கிறது.
உன்னுடையது எவ்வளவு திருடும்?'
திருடாது என்றேன்.
சர்க்கரை கரைந்த பிறகும்
தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

பலகை முனகும் சத்தத்தில்
பின் சக்கரம் ஏறிவிட்டதா என்று
திரும்பாமலே சொல்கிறவள்.
பூஜ்யத்துக்கு எந்தப் பொத்தான் என்று
ஓட்டுநர்கள் முன்னால் என்னிடம்
இரண்டு முறை கேட்டாள்.
மூன்றாம் முறை கேட்கவில்லை.
பழைய மேடைக்கே போய்விட்டாள்.
நான் அதைப் பிடிவாதம் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஓராஸ்பை ஒரு காகிதத்தோடு வந்தார்.
வரிசையில் நின்ற நாற்பத்தொரு பேரும்
அவரவர் எடையைச் சொல்லச் சொல்ல எழுதினார்.
கூட்டினால் மூவாயிரத்து இருநூற்று எழுபது.
எல்லோரும் பழையதில் ஏறினார்கள்,
தோளோடு தோள், சிகரெட்டை அணைத்துவிட்டு:
மூவாயிரத்து இருநூற்று ஐம்பது.
என்னுடையதில் ஏறினார்கள்:
மூவாயிரத்து இருநூற்று எண்பது.
காகிதத்தைவிடப் பத்து கிலோ கூட.
நாற்பது பேரும் மெண்டிகுலைப் பார்த்தார்கள்.
'பூட்ஸ்,' என்றாள்.

அந்தச் சிரிப்பு போதும் என்று நினைத்தேன்.
சிரித்தபடியே இறங்கி
பழைய வரிசைக்குத்தான் திரும்பினார்கள்.

ஓராஸ்பை மட்டும் நின்றார்.
'எண் சரிதான் தம்பி.
ஆனால் அது யாரைப் பார்த்துச் சொல்கிறது?'
அவர் நின்ற இடத்தில் போய் நின்றேன்.
அங்கிருந்து தெரிந்தது பெட்டியின் முதுகு.
இரண்டு ஒயர், ஒரு ஸ்டிக்கர்.
எண்கள் அறைக்குள் பிறந்து,
ஒயர் வழியே நகரத்துக்குப் போய்,
இவர்களிடம் சீட்டாக மட்டும் வந்து சேர்ந்தன.

காட்சிப்பெட்டி அலுவலர் பார்வைக்கு மட்டும்
என்கிறது ஒப்பந்தம், பக்கம் ஒன்பது.
நான்கு திருகாணி.
இருட்டுவதற்குள் ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
பூஜ்யப் பொத்தானில்
ஸினயீதா தன் நகப்பூச்சால்
ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.
நான் பார்க்காதபோதுதான் வைத்திருக்க வேண்டும்.

அன்றிரவு ஏழு லாரி வந்தன.
மறுநாள் பத்தொன்பது.
மெண்டிகுல் வரவே இல்லை,
முள் உள்ள இன்னொரு கிடங்குக்கு
டீசல் செலவழித்து நாற்பது கிலோமீட்டர் போகிறாளாம்.
காரணம் யாருக்கும் தெரியவில்லை.
பத்து கிலோவாக இருக்கலாம்.

திரும்பும் வழியில் என் போனுக்கு
நிறுவனத்திலிருந்து ஒரு புதுச் செயலி:
எங்கே நிற்கிறேன், எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று
நிமிடத்துக்கு ஒருமுறை அது சொல்லிவிடுமாம்.
யாரிடம் என்று எழுதியிருக்கவில்லை.
'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினேன்.
அஸ்தானா போய்ச் சேர்வதற்குள்
நான்கு முறை.